கடலூரில் பிரெஞ்சு, சிதம்பரத்தில் கொரியன்

செவ்வாய்க்கிழமை காலை ஆறு நாற்பதுக்குத் திருப்பாதிரிப்புலியூரில் ரயிலை விட்டு இறங்கினேன். எனக்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது. பிரெஞ்சு தெரிந்த ஒருவர், கொரிய மொழி தெரிந்த ஒருவர். இருவருக்கும் தமிழ் நன்றாக வர வேண்டும். வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்குள் அவர்களைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தங்கை அமுதா கடலூர் முதுநகரில் வாழ்க்கைப்பட்டவள். அவள் கணவர் குமரவேல் ஒரு சரக்குக் கப்பலில் ஃபிட்டர். கப்பல் கொரியக் கம்பெனியுடையது. பத்து நாட்களுக்கு முன் நடுக்கடலில் இரும்புக் கயிறு அறுந்து அவருடைய வலது காலில் அடித்துவிட்டது. அருகில் இருந்த கரை ரீயூனியன் தீவு. அது பிரெஞ்சு ஆட்சியில் இருக்கிறது. அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். டாக்டர் பேசுவது பிரெஞ்சு. ஆங்கிலம் கொஞ்சம் தெரியும், ஆனால் இந்த விஷயத்தை அரைகுறை ஆங்கிலத்தில் பேச மாட்டேன், ஆள் வைத்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். கம்பெனி கையெழுத்துக் கேட்டு அனுப்பிய பாரம் மூன்று பக்கம், முழுக்கக் கொரிய மொழி. கூட வந்த ஆங்கில மெயில் ஒரே வரி: நோயாளியின் பயணத்துக்குக் குடும்பத்தின் சம்மதம், வெள்ளி மாலை ஆறு மணிக்குள். மும்பையில் இருக்கும் ஏஜெண்டைக் கேட்டால், சும்மா ஒரு ஃபார்மாலிட்டி, போட்டு அனுப்புங்கள் என்கிறார்.

நான் கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீசில் முப்பத்தோரு வருடம் இருந்தவன். முதலில் நேரத்தைத்தான் கணக்குப் போட்டேன். கொரியாவில் மாலை ஆறு என்றால் நமக்குப் பிற்பகல் இரண்டரை. ரீயூனியனில் டாக்டர் குடும்பத்தாரிடம் பேசும் காலை பத்து மணி என்பது நமக்குப் பதினொன்றரை. இரண்டையும் நோட்டின் உள் அட்டையில் எழுதிக்கொண்டேன்.

ஆட்டோ பிடித்தேன். எங்கள் ஊரில் ஆட்டோக்காரர் இடம் கேட்பார், இங்கே காரணம் கேட்டார். பாலம் தாண்டுவதற்குள் முழுக் கதையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

"பிரெஞ்சு தான? மஞ்சக்குப்பத்துல சொல்தா ஐயா இருக்காரே சார். லூர்து ஐயா. பாண்டிச்சேரிக்காரரு, இங்க ஊடு கட்டிக்கினு வந்துட்டாரு. கொரியன்லாம் தெரியாது. அதுக்கு நீங்க கொரியாவுக்குத்தான் போவணும்."

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களைப் புதுச்சேரிப் பக்கம் சொல்தா என்கிறார்கள். இந்தக் கடலூருக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மாறிமாறிச் சண்டை போட்டதைப் படித்திருக்கிறேன். அந்தச் சண்டையில் மிச்சமானதாக ஒரு பிரெஞ்சு தெரிந்த மனிதர் நமக்குக் கிடைப்பார் என்று நினைக்கவில்லை.

வீட்டில் அமுதா இட்லி எடுத்து வைத்தாள். அவள் சாப்பிடவில்லை. குமரவேலின் தம்பி சேகர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் பேக்டரியில் வேலை பார்க்கிறான். லீவு போட்டுவிட்டு பாரத்தை மேசைமேல் விரித்து, பேனாவை அதன் குறுக்கே வைத்திருந்தான்.

"ஒரு கையெழுத்து மாமா. அண்ணன் ஞாயித்துக்கெழம ஊட்ல இருப்பாரு. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரில சேத்துருவோம். நம்ம மனுசங்க பக்கத்துல இருந்தா பாதி சரியாப்பூடும்."

"என்ன எழுதியிருக்குன்னு தெரியாம போடறதா?"

"தெரிஞ்சவன் எங்க கெடைப்பான்?"

அன்று முழுவதும் அதைத்தான் தேடினேன். சென்னையில் ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனம் ஒரு வாரம் கேட்டது. இன்னொருவர் எல்லா மொழியும் செய்வோம் என்றார். முதல் பக்கத்தை அனுப்பினால் பத்தே நிமிடத்தில் தமிழ் வந்தது. அதில் கப்பலின் பெயர் ‘மகிழ்ச்சியான வசந்தம்’ என்று இருந்தது. செல்போன் செயலியில் போட்டிருக்கிறார் என்று எனக்கே தெரிந்தது, ஏனென்றால் நானும் போட்டுப் பார்த்திருந்தேன். ஃபேக்ஸிலிருந்து ஸ்கேன் செய்து அனுப்பிய பாரம், எழுத்து மங்கியிருந்தது. மூன்று முறை படம் எடுத்தேன். ‘குடும்பம் விரும்புகிறது’, ‘குடும்பம் கேட்டுக்கொள்ளப்படுகிறது’, ‘குடும்பம் பொறுப்பு’ என்று மூன்று விதமாகச் சொன்னது. மூன்றில் எது?

ஆட்டோக்காரர் மூலம் சொல்லி அனுப்பியிருந்தேன், புதன்கிழமை பதினொன்று ஐந்துக்கு லூர்து ஐயா வந்தார். எழுபது வயது இருக்கும். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, பளபளக்கும் ஷூ. வாசலில் ஷூவைக் கழற்றி இரண்டையும் ஒட்டி நேராக வைத்தார். காப்பியைக் குடித்துவிட்டு அமுதாவுக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பதினொன்று முப்பத்திரண்டுக்குப் போன் மணி அடித்தது. முதலில் ஒரு நர்ஸ். அவர் தன் பெயரைச் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீராசாமி என்று கேட்டது. நூற்றைம்பது வருடங்களுக்கு முன் கரும்புத் தோட்டங்களுக்காக இந்தக் கரையிலிருந்து ஆட்களை அங்கே கொண்டுபோனார்கள். பெயர் மிஞ்சியிருக்கிறது. தமிழில் ஒரு வார்த்தையாவது தெரியுமா என்று லூர்து ஐயா மூலம் கேட்டேன். தெரியாது, கோயிலில் பாடுகிற பாட்டு மட்டும் தெரியும், அர்த்தம் தெரியாது என்றார்.

பிறகு டாக்டர். பெண் குரல், அவசரமில்லாத குரல். நான் வழக்கம்போலக் கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டேன். லூர்து ஐயா இரண்டு முறை "வுய், வுய்" என்றார். ஒருமுறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அமுதா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் நிறுத்தியதும் அவர் சொன்னார்:

"காலுல கொஞ்சம் கிருமி இருக்குதாம்மா. மருந்து குடுத்துக்கினு இருக்காங்க. நல்லா பாத்துக்கறாங்க. நீ தைரியமா இரு."

"ஊருக்கு அனுப்பலாமான்னு கேளுங்க ஐயா."

கேட்டார். டாக்டர் மறுபடி பேசினார். இந்த முறை குரல் கொஞ்சம் வேகமாக இருந்தது.

"பாக்கலாங்கறாங்க."

அமுதாவின் தோள் இறங்கியது. பத்து நாளில் முதல்முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். சேகர் பேனா மூடியைத் திறந்தான்.

"நாளைக்கு ஒரு நாள் பொறு" என்றேன்.

"மாமா, உங்க மில்லுல சங்கு ஊதற வரைக்கும் எங்கண்ணன் அங்கியே கெடக்கணுமா?"

"சேகரு, சும்மா இரு" என்றாள் அமுதா. "அண்ணே, நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும் பாக்கறேன். அப்புறம் போட்டுருவேன்."

வியாழக்கிழமை சிதம்பரம் கிளம்பினேன். பல்கலைக்கழகம் இருக்கிற ஊர், யாராவது கொரியன் படித்திருக்க மாட்டார்களா என்ற ஒரே நம்பிக்கைதான். புதுச்சத்திரம் தாண்டியதும் பஸ்ஸின் பின்சக்கரம் பஞ்சர். ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. காடாம்புலியூரிலிருந்து வந்த அம்மாள் ஒருவர் முழுப் பலாப்பழத்தோடு என் காலருகில் உட்கார்ந்திருந்தார்.

"அத எறக்கி வெய்யிம்மா, வெயிட்டுதான் டயர வாங்கிடுச்சு" என்றார் கண்டக்டர்.

"ஏன், நீ எறங்கேன். நீ என் பலாவவுட ஜாஸ்தி."

பஸ்ஸே சிரித்தது. நான் மட்டும் மணியைப் பார்த்தேன். அடுத்த பஸ் வந்து ஏறியபோது ஐம்பத்திரண்டு நிமிடம் போயிருந்தது.

பல்கலைக்கழக வாசலில் காவலாளியிடம் கேட்டேன். கொரியன் இங்கே சொல்லித் தருவதில்லை என்றார். எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. ஊரில் யார் என்ன படிக்கிறார்கள் என்பது ஜெராக்ஸ் கடைக்குத் தெரியாமல் இருக்காது என்று தோன்றியது. கடைக்காரர் பாரத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக்கூட இறக்கவில்லை.

"இது கொரியன். ஷர்மிளா பொண்ணு இங்கதான் பிரிண்ட் எடுக்கும். மெஷின் படமா கொண்டாரும், பக்கத்துல பக்கத்துல இந்த எழுத்துதான். இருங்க, போன் போடறேன்."

ஒரு மணிக்கு வரச் சொன்னாள். நேரத்தைக் கொல்ல ஒரு கடையில் இட்லியும் கொத்சும் சாப்பிட்டேன். கத்திரிக்காயைச் சுட்டு மசித்த அந்தக் கொத்சு எங்கள் ஊரில் கிடைக்காது. வேறு நாளாக இருந்தால் இரண்டாம் முறை கேட்டிருப்பேன். அன்று பாதி இட்லியை வைத்துவிட்டு எழுந்தேன்.

அவள் வீடு கீழவீதிக்குப் பின்னால் ஒரு மாடியில். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அவள் குரல்: "பெல்ட்டைத் தப்பா மாட்டினது நான்தான். மெஷினை நிறுத்தாம கையை வெச்சேன். மன்னிச்சுக்குங்க." பிறகு அதே குரலில் கொரியன். நான் சங்கடப்பட்டு வெளியே நின்றேன். என்ன தவறு செய்துவிட்டு இப்படி மன்னிப்புக் கேட்கிறாள் பாவம் என்று நினைத்தேன்.

அவள் வெளியே வந்தாள், நான் கேட்டதும் சிரித்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். "அது நான் இல்ல சார். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பேக்டரி, போன்ல மொழிபெயர்க்கறேன். அவுங்க சொன்னத மொதல்ல தமிழ்ல திருப்பிச் சொல்லி உறுதி பண்ணிட்டு, அப்புறம் கொரியன். ஆப்பரேட்டர் ‘நான்’னு சொன்னா நானும் ‘நான்’னுதான் சொல்லணும். மேனேஜர் திட்டினாலும் நான்தான் திட்டணும். எதையும் கூட்டக் கூடாது, கொறைக்கக் கூடாது. அதுதான் எங்க வேல."

டிராமா பார்த்துக் கற்க ஆரம்பித்து, பரீட்சை எழுதி, இரண்டு வருடம் பேக்டரியில் இருந்துவிட்டு, இப்போது வீட்டிலிருந்தே செய்கிறாளாம். பாரத்தை வாங்கிக்கொண்டாள்.

"நல்லதா கெட்டதான்னு மட்டும் முதல்ல சொல்லும்மா."

"அது நான் சொல்ற விஷயம் இல்ல சார். என்ன எழுதியிருக்கோ அதச் சொல்றேன்."

இருபத்தாறு நிமிடம் படித்தாள். பென்சிலில் குறித்துக்கொண்டாள். பிறகு வாக்கியம் வாக்கியமாகச் சொன்னாள், நான் எழுதினேன். குடும்பத்தின் வேண்டுகோளின்படி நோயாளி சொந்த நாட்டுக்கு அனுப்பப்படுகிறார். வழியில் நேரும் எதற்கும் குடும்பமே பொறுப்பு. அதன் பிறகான சிகிச்சையில் கம்பெனிக்குச் சம்பந்தமில்லை. ஆறாவது வாக்கியம்: ‘பயணம் ஆபத்தானது என்று சிகிச்சை தரும் மருத்துவர் கூறியதைக் குடும்பத்தினர் கேட்டுப் புரிந்துகொண்டனர்.’

"அப்படி டாக்டர் சொல்லவே இல்லையே" என்றேன். "பாக்கலாம்னு தான் சொன்னாங்க."

"யாரு மொழிபெயர்த்தது?"

சொன்னேன்.

"டாக்டர் எவ்வளவு நேரம் பேசினாங்க சார்? அவரு எவ்வளவு நேரம் சொன்னாரு?"

நோட்டைத் திறந்தேன். என் கையெழுத்துதான், நானே எழுதியதுதான். டாக்டர் நான்கு நிமிடம் இருபது விநாடி. லூர்து ஐயா பதினைந்து விநாடி. இரண்டாவது முறை டாக்டர் ஒரு நிமிடம். அவர் ஒரு வார்த்தை. முதல்நாளே எழுதி வைத்துவிட்டு, அதை ஒருமுறைகூடப் படித்துப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

ஷர்மிளா பாரத்தை மடித்து என் கையில் கொடுத்தாள்.

நேரே மஞ்சக்குப்பம் போனேன். மாலை ஐந்து ஐம்பது. லூர்து ஐயா செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நோட்டைக் காட்டினேன். அவர் படிக்கவில்லை. குழாயை மூடிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார்.

"முட்டிக்குக் கீழ எடுக்கணுங்கறாங்க தம்பி. இல்லன்னா கிருமி ரத்தத்துல ஏறிடும், ரெண்டு நாள் மூணு நாள்தான்னாங்க. பிளேன்ல ஏத்தினா வழியிலயே போயிடுவாருன்னாங்க."

"ஏன் ஐயா சொல்லல?"

"எப்பிடிச் சொல்றது? செத்தவனுக்கே நம்ம ஊர்ல ‘ரொம்ப சீரியஸா இருக்காரு, கெளம்பி வாங்க’ன்னு தான சொல்றோம். வந்து பாத்து அவுங்களே தெரிஞ்சுக்குவாங்க. அந்தப் புள்ள என் மூஞ்சியவே பாத்துக்கினு இருக்கு. வாய் வரல. உங்ககிட்ட தனியா சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுவும் வரல."

கோபம் வரவில்லை, ஏனென்றால் அவர் சொன்ன வழக்கத்தில்தான் நானும் வளர்ந்தேன். கையெழுத்து போடத் தயாராக இருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கு முழுசாச் சொல்லணும் ஐயா."

"வேற ஆள் பாருங்க. அது மொகத்தப் பாத்துக்கினு என்னால ஆவாது."

வேறு ஆளுக்கு எங்கே போவது? அங்கிருந்தே ஷர்மிளாவுக்குப் போன் செய்தேன். லூர்து ஐயா சொன்னதை அப்படியே சொன்னேன்.

"அப்ப மொகத்தப் பாக்க வேணாம் சார். சுவத்தப் பாத்து உக்காரச் சொல்லுங்க. டாக்டர் ரெண்டு வரி பேசினதும் நிறுத்தச் சொல்லணும், உடனே சொல்லிடணும். ‘டாக்டர் சொல்றாங்க’ன்னு ஆரம்பிக்கக் கூடாது. ‘நான்’னு ஆரம்பிச்சா நடுவுல சொந்த வார்த்த வராது."

வீட்டுக்குப் போனதும் அமுதா கேட்டாள், "இன்னாண்ணே எழுதியிருக்கு?"

"பாரத்துல கையெழுத்து போடாத. மத்தத நாளைக்கு டாக்டரே சொல்வாங்க" என்றேன்.

லூர்து ஐயாவிடம் கேள்வி கேட்டுவிட்டு வந்து இரண்டு மணி நேரம் ஆகவில்லை. நானும் அதையேதான் செய்தேன். அமுதா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பாரத்தை வாங்கி மடித்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை. லூர்து ஐயா பத்து ஐம்பதுக்கே வந்தார். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக் காலண்டர் மாட்டிய சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். "இன்னா ஐயா, கோவமா?" என்றான் சேகர். "அவரு அப்பிடித்தான் பேசுவாரு இன்னிக்கு" என்றேன். அமுதா அவர் முதுகைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்கு அப்போதே பாதி தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

பதினொன்று இருபத்தொன்பதுக்கு மணி அடித்தது.

"நான் புதன்கிழமை சொன்னதுதான். உங்கள் கணவரின் காலைக் காப்பாற்ற முடியாது" என்றார் லூர்து ஐயா சுவரைப் பார்த்து. அவருடைய வழக்கமான பேச்சு போய், கடிதத்தைப் படிப்பது போலிருந்தது. "முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் உயிர் போகும். இன்று எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. நாளை என்றால் எனக்கு உறுதியில்லை. இந்த நிலையில் விமானத்தில் ஏற்ற நான் சம்மதிக்க மாட்டேன்."

சேகர் எழுந்து நின்றான். "பாக்கலாம்னாங்களே. புதன்கெழம பாக்கலாம்னுதான சொன்னாங்க?"

"சொல்லல. அது நான் சொன்னது" என்றார் லூர்து ஐயா. அது மட்டும் அவருடைய சொந்தக் குரல்.

அமுதா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் மறுபடி பேசினார்.

"அவர் மயக்கத்தில் இருக்கிறார். அவரைக் கேட்க முடியவில்லை. அவர் விழித்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? உங்களுக்குத்தான் தெரியும். அதை நான் தெரிந்துகொள்ள வேண்டும்."

நான் எத்தனை விநாடி என்று பார்க்கவில்லை.

"வேணாம்னுதான் சொல்லுவாரு" என்றாள் அமுதா. "கால் இல்லாம கப்பல்ல ஏற முடியாது. அவருக்கு அதுவுட்டா ஒண்ணுந் தெரியாது. வேணாம்னுதான் சொல்லுவாரு."

லூர்து ஐயா உடனே மொழிபெயர்க்கவில்லை. முதல்முறையாகப் பாதி திரும்பினார்.

"இத அப்பிடியே சொல்லட்டுமாம்மா? சொன்னா அவுங்க எடுக்காம வுட்டாலும் வுட்டுருவாங்க."

"அண்ணி, வேற மாதிரி சொல்லுங்க" என்றான் சேகர். "அண்ணன் சரின்னு சொல்லுவாருன்னு சொல்லுங்க."

"அவுங்க கேட்டாங்க. நான் பொய் சொல்லி எடுக்கச் சொல்லக் கூடாது. அப்பிடியே சொல்லுங்க ஐயா."

அவர் சுவர் பக்கம் திரும்பிச் சொன்னார். எனக்கு அதில் ஒரு சொல்கூடப் புரியவில்லை. சேகர் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உயிர் போகும் என்று தெரிந்திருந்தாலும் வேண்டாம் என்பாரா?"

அமுதா யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், அதை நான் பார்த்தேன்.

"மொதல்ல கோவப்படுவாரு. கத்துவாரு. அப்புறம் நான் ஒக்காந்து பேசினா கேப்பாரு. எப்பவும் அப்பிடித்தான். இப்ப ஒக்காந்து பேச முடியல. அதனால நான் சொல்றேன். எடுத்துருங்க. எடுக்கச் சொன்னது நான்தான்னு எழுதிக்கங்க."

லூர்து ஐயா சொன்னார். டாக்டர் நன்றி சொல்லிவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கிறேன் என்றார். போன் வைத்த பிறகும் லூர்து ஐயா சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். அமுதா அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

இன்னொரு வேலை பாக்கி இருந்தது. ஒன்று நாற்பதுக்கு ஷர்மிளாவைப் போனில் சேர்த்துக்கொண்டு கம்பெனிக்குப் பேசினோம். அமுதா தமிழில் சொல்ல, சிதம்பரத்திலிருந்து ஷர்மிளா கொரியனில் சொன்னாள். அந்தப் பக்கத்து அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "உங்களுக்கு உதவத்தான் பாரத்தை நான் அனுப்பினேன். கையெழுத்து வராவிட்டால் பிறகு அவரை ஊருக்கு அனுப்புவது கடினம்" என்று ஷர்மிளா அவராகச் சொன்னாள். அமுதா "ஆறாவது வாக்கியத்த இப்பதான் கேட்டேன். புரிஞ்சுக்கிட்டேன். போட மாட்டேன். அவரு எழுந்து நடமாடற வரைக்கும் நீங்க பாக்கணும்" என்றாள். மேலிடத்தில் தெரிவிக்கிறேன் என்றார் அவர். இரண்டு பத்துக்கு மறுப்பை எழுத்தில் அனுப்பினோம். ஷர்மிளா அடித்துக் கொடுத்த கொரியனுக்குக் கீழே அமுதா தமிழில் கையெழுத்துப் போட்டாள்.

மாலை நான்கு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. ஆபரேஷன் முடிந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் காய்ச்சல் இறங்குகிறதா என்பதையே கேட்டுக்கொண்டிருந்தோம். சேகர் மீன் வாங்கிக்கொண்டு வந்தான், யாரும் சமைக்கவில்லை. ஞாயிறு மாலை இறங்க ஆரம்பித்தது.

திங்கட்கிழமை பதினொன்றரைக்கு வந்த அழைப்பில் நர்ஸ் வீராசாமி பேசினார். குமரவேல் கண் விழித்துவிட்டார், ஏதோ திரும்பத் திரும்பக் கேட்கிறார், எங்களுக்குப் புரியவில்லை, காலைப் பற்றி நாங்கள் சொல்வதா, நீங்கள் சொல்கிறீர்களா என்று கேட்டார்.

"நான் சொல்றேன்" என்றாள் அமுதா. லூர்து ஐயா நாற்காலியைத் திருப்பப் போனார். "வேணாம், இருங்க ஐயா" என்றாள்.

போனை அவர் காதருகே வைத்தார்கள். மூச்சு சத்தம் கேட்டது.

"என்னங்க, நாந்தான். கேக்குதா? வலது காலு முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. எடுக்கலன்னா நீங்க இருக்க மாட்டீங்க. எடுக்கச் சொன்னது நான். கத்தணும்னா ஊருக்கு வந்து கத்துங்க."

நாங்கள் நால்வரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். தொண்டை வறண்ட, குழறலான குரல் வந்தது.

"பூட்ஸு புதுசுடி. போன மாசந்தான் குடுத்தானுங்க."

அவர் என்ன சொன்னார் என்று நர்ஸ் கேட்டார். லூர்து ஐயா அமுதாவைப் பார்த்தார். அவள் தலையாட்டியதும் பிரெஞ்சில் சொன்னார். நர்ஸ் கொஞ்சம் தடுமாறிவிட்டு ஏதோ பதில் சொன்னார்.

"வலது பூட்ஸ வெட்டித்தான் எடுக்க முடிஞ்சுது, மன்னிச்சுக்குங்க. இடது பூட்ஸ் என் அலமாரியில பத்திரமா இருக்கு" என்றார் லூர்து ஐயா.

"அத வெச்சிருக்கச் சொல்லுங்க" என்றாள் அமுதா. "அந்தக் காலு இருக்குதில்ல."